கோடிப் புடவையும் நானூறு சிசி இன்ஜினும்

எங்கள் பக்கத்தில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது உப்பு அம்பாரம்தான். மற்றபடி எல்லாம் தட்டை. மரக்காணத்தில் வண்டி ஓட்டப் பழகியவனுக்கு கியரைப் பற்றிக் கவலையே கிடையாது. ஊர் எல்லையில் டாப் கியரைப் போட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரைக்கும் அப்படியே போகலாம். கீழ்புத்துப்பட்டில் கோயிலுக்கு வந்த கூட்டம் ரோட்டில் நின்றால்தான் குறைக்க வேண்டி வரும். என் மோட்டார் சைக்கிள், காலை முன்னால் நீட்டி உட்கார்ந்துகொண்டு தூரம் போகிற மாதிரி வண்டி. இருநூற்று இருபது சிசி. பன்னிரண்டு வருஷம் இந்தத் தட்டை நிலத்தில் அது ராஜா மாதிரி ஓடியது. அதற்குக் குறை ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

நான் உப்பளத்தில் பம்ப் பார்க்கிறவன். உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு அனுப்புகிற டீசல் இன்ஜின்களை ஓட்டுவது, பழுது பார்ப்பது, ஓடாதபோது திட்டுவது எல்லாம் என் வேலை. தண்ணீர் பாய்ச்சியாகிவிட்டால் அப்புறம் வெயில்தான் வேலை செய்யும். மனுஷன் காத்திருக்க வேண்டும். எனக்கு அது மட்டும் வராது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கத்தைக் கொஞ்சம் நீட்டினாலும் என் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். பக்கத்து வரிசையிலிருந்து என் மனைவி திரும்பி முறைப்பாள். மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடக்கிற நாலு மாசமும் வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவேன். ராமேசுவரம், கன்னியாகுமரி, வேளாங்கண்ணி, ஒன்றுமில்லையென்றால் சும்மா சிதம்பரம் வரைக்கும் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வருவது. "கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்திருக்கான்" என்று என் அண்ணன் சொல்வான். எல்லாம் கடற்கரை ஓரம்தான். மலைப்பக்கம் மட்டும் வண்டியில் நான் போனதில்லை.

வேடிக்கை என்னவென்றால் என் மனைவி மலைக்காரி. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் உப்பளத்து வரப்பில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "எங்க பாத்தாலும் வானமா இருக்குது, சாஞ்சிக்க ஒண்ணுமில்ல" என்றாள். அம்மாவைப் பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் போய் வருவாள். ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்கென்று ஊதா நிறத்தில் ஒரு புடவை எடுத்து வைத்திருந்தாள். பஸ் எதற்கு, நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன், பொங்கல் கழியட்டும், உப்பளம் திறந்து கையில் காசு வரட்டும் என்று நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

மாசி மாசத்தில் ஒருநாள் விடிகாலை போன் வந்தது. அம்மா போய்விட்டாள்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர்களுக்கு உறவுக்காரர்கள் கோடி போட வேண்டும். கோடி என்றால் கட்டாத புதுத்துணி. மகள் கட்டிப்போன வீட்டிலிருந்து மருமகன் கொண்டுவருகிற கோடிப் புடவையை மகள் தன் கையால் அம்மாவின் மேல் போர்த்துவாள். அதற்கப்புறம்தான் சவப்பெட்டியை மூடுவார்கள். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? ஊதாப் புடவை பீரோவிலேயே இருந்தது. அதை எடுத்து வண்டியின் சைடு பாக்ஸில் வைத்துப் பூட்டினேன். சாவி என் பாக்கெட்டில்.

சேலம் வரைக்கும் வண்டி குறை சொல்ல இடமில்லாமல் போயிற்று. மலை ஏறத் தொடங்கியதும் சுணங்கியது. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய பலகை. நாலாவதில் முனகியது, எட்டாவதில் கிளட்ச் கருகிய வாசனை வந்தது, பதினொன்றாவதில் முதல் கியரிலேயே நின்றுவிட்டது. அவளை இறங்கச் சொன்னேன். நாற்பத்திரண்டு வயசில், அம்மாவைப் பறிகொடுத்த ஒருத்தியை நடு மலையில் இறக்கி நடக்கவிட்டேன். பின்னால் வந்த ஒரு காய்கறி வேன் அவளைப் பார்த்து நின்றது. வேனில் ஒருவருக்குத்தான் இடம். "நான் முன்னாடி போறேன், நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். புடவை பாக்ஸில் இருப்பது அவளுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை.

இன்ஜின் ஆறி, நான் ஒண்டியாக மேலே போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய அத்தை ஒருத்தி மட்டும் நாலு பேர் காதில் விழும்படி, "மருமவன் வூட்டுக் கோடி வரவே இல்லியா?" என்றாள். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புடவை போன மாதிரியே பாக்ஸில் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பம்ப் அடியில் நின்றாலும், சோற்றில் கை வைத்தாலும் அந்தப் பதினொன்றாம் நம்பர் பலகைதான். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்: இருநூற்று இருபது சிசி, ரெண்டு பேர், லக்கேஜ், மலை, எப்படி இழுக்கும்? வேனிலும் ஒருவருக்குத்தான் இடம், நான் என்ன செய்வேன்? டீக்கடையில் சொன்னேன், கோயில் வாசலில் சொன்னேன், மச்சானிடம் போனில் சொன்னேன். என் மனைவி பக்கத்தில் இருக்கும்போதும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள், அப்புறம் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

வருஷ நினைவுப் பூசைக்கு அதே மலையில் அதே வண்டியில் அவளை இறக்காமல் ஏற்றிக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

இரும்பையிலிருந்து ஆரோவில் போகிற வழியில் ஒரு மெக்கானிக் இருக்கிறான். வெள்ளைக்காரர்களின் பழைய வண்டிகளை வெட்டி ஒட்டி ஓடவைக்கிறவன். என்னைவிட நாலைந்து வயசு சின்னவன், கை சுத்தம், வாய் மட்டும் நீளம். அவன் ஷெட்டில் விபத்தில் நொறுங்கிய ஒரு நானூறு சிசி வண்டியின் இன்ஜின் அடி படாமல் இருந்தது. அதை என் வண்டியில் ஏற்று என்றேன். அவன் சிரித்தான். இதற்குப் பெரிய வண்டியாகவே வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டான். வேறு வண்டி மலை ஏறினால் எனக்கு என்ன பெருமை? நின்றுபோனது இந்த வண்டி, இதுதான் ஏற வேண்டும். இதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பான்.

ஐப்பசியில் வேலை தொடங்கியது. மழை, உப்பளம் மூடல், எனக்கு வேலை இல்லை. தினமும் அவன் ஷெட்டில் போய்க் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றி வந்தேன். பழைய இன்ஜினைக் கழற்றிய பிறகு வண்டி பல்லுப் போன வாய் மாதிரி இருந்தது. புது இன்ஜின் அந்தப் பொந்தில் உட்காரவில்லை. சட்டத்தை வெட்டி, புதிதாகப் பிடிமானம் பற்றவைத்து, முன்னால் ரேடியேட்டருக்கு இடம் ஒதுக்கி, செயின், பிரேக் எல்லாம் மாற்றினான். இழுக்கிற இன்ஜினைவிட நிறுத்துகிற பிரேக்தான் முக்கியம் என்று பத்து நாள் அதிலேயே கழித்தான். நான் அவசரப்படுத்தினேன். "அவசரத்துல அண்டாக்குள்ளகூட கை போவாதுண்ணா. நீ வூட்டுக்குப் போ, நான் கூப்பிடறேன்" என்றான். போவேன், மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடி நிற்பேன். ஆர்டிஓ ஆபீஸில் இன்ஜின் நம்பர் மாற்றுகிற காகிதத்துக்கு அலைந்ததுதான் அந்த மாசங்களில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி. அலைய ஒரு காரணம் இருந்தது அல்லவா.

தை பிறந்தபோது வண்டி கைக்கு வந்தது. முதல் நாள் ஆக்ஸிலேட்டரைத் திருப்பியதும் கை தோளிலிருந்து பிய்ந்துகொண்டு போவது போல இருந்தது. இரண்டு பக்கமும் பாத்திகள் பளபளக்க, அனுமந்தை வரைக்கும் ஒரே மூச்சில் போய்த் திரும்பினேன். நாற்பத்தாறு வயசு ஆம்பிளை ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். அப்படி ஒரு சந்தோஷம். என் கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சிரித்திருக்க மாட்டேன் என்று என் மனைவியிடமே சொன்னேன், மடையன்.

இந்த இன்ஜின் காற்றில் ஆறுவதில்லை, தண்ணீரில் ஆறுவது. மெக்கானிக் பச்சைக் கூலன்ட் ஊற்றி, திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினான். குறைந்தால் இதையேதான் ஊற்ற வேண்டும், கிடைக்காவிட்டால் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர், வேறு எதுவும் கூடாது. ஏதோ ஒரு ஹோஸ் இணைப்பில் சொட்டு சொட்டாகக் கசிந்து வாரத்துக்கு ஒரு டம்ளர் குறைந்தது. அவனிடம் காட்டியிருக்கலாம். காட்டினால் மறுபடி ரெண்டு நாள் வண்டி அவன் ஷெட்டில் நிற்கும். அதை என்னால் தாங்க முடியாது. ஆகவே வாசலில் உள்ள போர் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து ஊற்றினேன்.

அப்போது என் மனைவி கேன் தண்ணீர் ஒரு செம்பில் கொண்டு வந்தாள். எங்கள் தெருவில் போர் தண்ணீரை யாரும் வாயில் வைக்க முடியாது. பாத்திரம் கழுவினால் வெள்ளை படியும், சோப்பு நுரைக்காது. குடிக்கக் கேன்தான். "இத ஊத்துங்க" என்றாள். காசு கொடுத்து வாங்குகிற குடிதண்ணீரை இன்ஜினுக்கு ஊற்றுவதா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக நான் பார்க்கிற பம்ப் இன்ஜின்கள் எல்லாம் வாய்க்காலில் வருகிற உப்புத் தண்ணீரைத்தானே குடித்து ஓடுகின்றன, ஒன்றாவது செத்ததா, இன்ஜினைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம் என்று பேசினேன். அவள் செம்பைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டாள். அப்புறம் ஐந்து வாரம், வாரம் ஒரு டம்ளர்.

நினைவுப் பூசை காலை பதினொரு மணிக்கு. முந்தின நாளே பஸ்ஸில் போய்விடலாம் என்று அவள் ஒரே ஒருமுறை கேட்டாள். நான் பேசிய பேச்சில் மறுமுறை கேட்கவில்லை. விடியுமுன் கிளம்பினோம். பின்னால் ஏறி உட்கார்ந்தவள், துணிப்பை ஒன்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். சைடு பாக்ஸில் வை என்றேன். வேண்டாம் என்றாள். பை என் முதுகில் இடித்தது. விழுப்புரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது மறுபடி சொன்னேன். "இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றாள். ஆத்தூர் தாண்டி மூன்றாவது தடவையும் சொல்லிப் பார்த்தேன். வண்டிக்கு இவ்வளவு வேலை செய்திருக்கிறேன், பாக்ஸும் இருக்கிறது, அதை மதிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வருகிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

சேலத்தில் மணி ஒன்பதரை. மலை தொடங்கியது. வண்டி ஏறிய ஏற்றம் இருக்கிறதே, இரண்டாவது கியரில் சிரித்துக்கொண்டே ஏறியது. நாலு, எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றாம் நம்பர் பலகையைத் தாண்டும்போது வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டி, "பாத்தியா?" என்று கத்தினேன். முதுகில் பை இன்னும் கொஞ்சம் இறுக்கமாக அழுத்தியது.

பதினைந்தாவதில் சூடு காட்டுகிற சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினாறாவதில் முன்னாலிருந்து ஆவி எழுந்து ஹெல்மெட் கண்ணாடியை மூடியது. ஓரத்தில் நிறுத்தினேன். இன்ஜின் அணைத்த பிறகும் உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்டது. ஹோஸ் வாயில், மூடியைச் சுற்றி, எங்கும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பதினெட்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. உப்பு.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். என்ன தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்டான். சொன்னேன். பம்ப் இன்ஜினில் ஊற்றுவது போலத்தானே என்றும் சொன்னேன். அவன் பொறுமையாக விளக்கினான். பம்ப்பில் தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடும், அங்கே எதுவும் தங்காது. இதில் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும், சூட்டில் வற்ற வற்ற உப்பு உள்ளேயே தங்கிவிடும். கடைசியில் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏண்ணா, உப்பு வெளைய வைக்கறது உன் பொழப்புதான், ஒத்துக்கறேன். அதுக்காக இன்ஜினுக்குள்ளயா பாத்தி கட்டுவ?" என்றான். ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், தண்ணீர் வற்றினால் உப்பு நிற்கும் என்று. எனக்குத் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தாள். பையின் வாயில் ஊதா நிற ஓரம் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழுப்புரத்திலிருந்து, ஆத்தூரிலிருந்து, வீட்டு வாசலிலிருந்து அவள் மடியில் இருந்தது எது என்றும், ஏன் என்றும். நான் ஒரு வருஷம் சிசியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். இந்த வண்டி மறுபடி நிற்கும் என்று அவள் கிளம்பும்போதே முடிவு கட்டிவிட்டிருக்கிறாள்.

கீழேயிருந்து ஒரு பஸ் முனகிக்கொண்டு வந்தது. கை காட்டினாள், நின்றது. படியில் ஒரு காலை வைத்துத் திரும்பி, "நான் முன்னாடி போறேன், நீங்க மெதுவா வாங்க" என்றாள். போன வருஷம் சொன்ன அதே வார்த்தை. அதில் கோபம் துளியும் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்திவிட்டு அங்கேயே நின்றிருப்பேன்.

இப்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் அந்தக் காய்கறி வேனில் ஒருவருக்குத்தான் இடம் என்று நான் ஊரெல்லாம் சொன்னது பொய். மேலேயும் அப்படியேதான் எழுதியிருக்கிறேன், சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். வேன்காரன் "ரெண்டு பேரும் ஏறிக்கங்க சார்" என்றுதான் சொன்னான். வண்டியை நடு மலையில் விட்டுவிட்டு எப்படி வருவது என்று நான்தான் நின்றேன். பூட்டிவிட்டு, பாக்ஸைத் திறந்து, புடவையை எடுத்துக்கொண்டு ஏறியிருக்கலாம். கோடி போட்டிருக்கலாம். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். நான் ஒரு வருஷம் இன்ஜின் மேல் பழி போட்டு, அதைப் பிடுங்கி எறிந்து, வேறொன்றைப் பற்றவைத்தேன்.

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். வண்டியைப் பூட்டினேனா இல்லையா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. ஓடிப்போய்ப் பின்படியில் தொற்றினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பஸ் ஒரு வளைவைத் தாண்டியது.

"போன வருஷம் வேன்ல இடம் இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்" என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. "எம் பக்கத்துல சும்மாதான கெடந்துச்சு. மேல போய்ச் சேர்ற வரைக்கும் அதத்தான் பாத்துக்கிட்டுப் போனேன்."

கோயில் வாசலில், அண்ணன் தம்பிகள் முன்னால் நான் அந்தப் பொய்யைச் சொன்னபோது அவளும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூட என்னை யார் முன்னாலும் விட்டுக் கொடுக்கவில்லை.

பூசைக்கு நேரத்தில் போய்விட்டோம். பூசை முழுக்க நான் வண்டியை நினைக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். பதினாறாவது வளைவில் அநாதையாக நிற்கிறதே என்று கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. பூசை முடிந்து எல்லோரும் கல்லறைக்குப் போனோம். சாமியார் கல்லறையை மந்திரித்துவிட்டு நகர்ந்ததும் அவள் பையிலிருந்து ஊதாப் புடவையை எடுத்து மடிப்புப் பிரித்தாள். கடை மடிப்பு ஒரு வருஷம் பீரோவில் இருந்தும் கலையாமல் இருந்தது. போன வருஷம் கேள்வி கேட்ட அத்தை நாலடி தள்ளி நின்றாள். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

மலைக் காற்று வேகமாக அடித்தது. புடவை ஒரு பக்கம் நிற்காமல் எழுந்து எழுந்து பறந்தது. அவள் ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள்.

"இந்தப் பக்கம் நீங்க பிடிங்க" என்றாள். "கெட்டியா பிடிங்க, அங்க இங்க போயிடாதீங்க."

பிடித்துக்கொண்டேன். இருவருமாகக் கல்லறைமேல் அதை விரித்தோம். நாலு மூலைக்கும் கல் பொறுக்கி வைக்கிற வரைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.